எண்பத்தேழாம் நம்பர் சிலைடு

அந்த பெஞ்சு ஆடும்க்கா, இங்கிட்டு வந்து உக்காருங்க. முந்தாநாள் நானே அதுல விழப் பாத்தேன். உங்க வீட்டுக்காரருக்கா? தொண்டையிலயா? எத்தனாவது கரண்டு இன்னைக்கு? ஏழா. எங்களுக்கு இன்னைக்கு மூணாவது. மொத்தம் முப்பது ரேடியேஷன் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. உள்ள போனா அஞ்சு நிமிஷம்தான். ஆனா பேரு கூப்பிடறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும்.

எங்க மதினிக்குத்தான். அண்ணன் சம்சாரம். அந்தா, வீல் சேர்ல சேலையத் தலையோட போத்திக்கிட்டு சுவத்தைப் பாத்தாப்புல உக்காந்திருக்கே, அதுதான். பஞ்சவர்ணம்னு பேரு. கீழ்த்தாடையில ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதான் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குது. பேச்சும் தெளிவா வரல, ஒரு நோட்டு வச்சுருக்கோம், அதுல எழுதிக் காட்டும். அண்ணன் இளநி வாங்கப் போயிருக்காரு.

பழக்கமா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. வெத்தலை கூட விசேஷத்துக்கு ஒண்ணு போட்டாத்தான்.

ம்.

இல்ல, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். நீங்க தேனிப் பக்கம், நான் திண்டுக்கல் பக்கம். எங்க சனம் யாரையும் உங்களுக்குத் தெரியாது. உங்ககிட்டச் சொன்னா எங்கயும் போகாது. யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு. சோத்துல கை வைக்க முடியல.

மதினி பொகையிலைப் பொடி போடும்க்கா. மூக்குல இல்ல, ஈறுல. கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு சிட்டிகை அதக்கி வச்சுக்கிரும். இருபத்திரெண்டு வருஷமா. எங்கண்ணனுக்குத் தெரியாம. பெத்த பிள்ளைகளுக்குத் தெரியாம. என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கு.

நான் என்ன வேலை பாக்குறேன்னு சொல்லவே இல்லையே. ஒரு பல் டாக்டர் காலேஜுல லேப் டெக்னீஷியன். எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இந்த வேலையில இருந்துக்கிட்டு நான் செஞ்ச காரியத்தை நெனச்சாத்தான் எனக்கே என்னைப் பிடிக்கல.

சொல்றேன், புரியும் உங்களுக்கு. நம்ம கன்னத்துக்கு உள்பக்கத் தோலு இருக்கில்ல, அது தினமும் உதிர்ந்துக்கிட்டே இருக்கும். அதை ஐஸ் குச்சி மாதிரி ஒரு குச்சியால லேசா வழிச்சு, கண்ணாடித் துண்டுல தேச்சு, சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்புல வச்சா ஒவ்வொரு செல்லும் ஆஃப்பாயில் மாதிரி தெரியும். நடுவுல கரு. அந்தக் கருவுக்குள்ளதான் நம்ம மரபணு எல்லாம் இருக்கு. பொகையிலை பட்டுப் பட்டு அது ஒடைஞ்சுச்சுன்னா, ஒடைஞ்ச துண்டு பெரிய கருவுக்குப் பக்கத்துலயே சின்ன உருண்டையா ஒதுங்கி நிக்கும். இங்கிலீசுல நீளமா ஒரு பேரு இருக்கு. லேப்புல நாங்க குட்டின்னுதான் சொல்லுவோம்.

ஆயிரம் செல்லு எண்ணுனா ஒண்ணு ரெண்டு குட்டி எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பொகையிலைக்காரங்களுக்கு அஞ்சு, ஆறு, எட்டுன்னு ஏறும். ஏறிட்டா புத்துநோய்னு அர்த்தம் இல்லக்கா, பயந்துக்காதீங்க. வெளிய புண்ணு, வெள்ளைன்னு ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாடியே உள்ள சேதாரம் ஆகுதுன்னு காட்டிக் குடுக்கும். அவ்வளவுதான். அப்பவே நிறுத்திட்டு, அப்பப்ப வாயைக் காட்டிக்கிட்டா பொழைச்சுக்க வழி உண்டு.

எண்ணுறதுல என்னை அடிச்சுக்க எங்க காலேஜுல ஆளு கிடையாது. பெருமைக்குச் சொல்லல. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க சாயப் பொட்டையும் அழுக்கையும் குட்டின்னு எண்ணிட்டு வந்து நிக்குங்க. நான்தான் திருத்துவேன். கிரேஸ் மேடம், அவங்கதான் எங்க தலைமை, பூங்கோதை எண்ணிட்டான்னா நான் பாக்க வேண்டியதில்லைன்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு நம்பிக்கை என் மேல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், டாக்டர் நிவேதான்னு ஒரு மேல்படிப்புப் பிள்ளை இதையே ஆராய்ச்சியா எடுத்துச்சு. பொகையிலைப் பழக்கம் உள்ளவங்க அறுபது பேரு, இல்லாதவங்க அறுபது பேரு. ரெண்டையும் எண்ணி ஒப்பிட்டுப் பாக்கணும். பழக்கம் உள்ளவங்க வந்து குவிஞ்சுட்டாங்க. இல்லாதவங்கதான் கிடைக்கல. நல்லா இருக்கிறவன் எதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து வாயைத் திறப்பான்? பாவம், அந்தப் பிள்ளை அழாத குறை. நான்தான், எங்க ஊருல கேம்பு போடுங்க டாக்டர், நான் ஆளு கொண்டாறேன்னு சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கண்ணன் ஊருல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு. ஸ்கூல்ல பந்தல் போட்டு, மைக்கு கட்டி, எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாரு. மைக்குலயே பேசுனாரு, பொகையிலை வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடுன்னு. பேசி முடிச்ச கையோட, முதல்ல எங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்கன்னு மதினியக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாட்டுனாரு. மதினி கஞ்சி போட்ட சேலை கட்டி, பூ வச்சு வந்திருந்துச்சு.

டாக்டர் நிவேதா கேட்டுச்சு. பொகையிலை, பொடி, பாக்கு ஏதாச்சும் பழக்கம் உண்டாம்மான்னு. மதினி வாயைத் திறக்கல. அண்ணன்தான் சிரிச்சாரு. "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கா? அந்தக் கழிசடைப் பழக்கமெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டரம்மா"ன்னாரு. சுத்தி ஊரே நிக்குது. மதினி என்னையப் பாத்துச்சு. அந்தப் பார்வைய எப்படிச் சொல்றது உங்ககிட்ட? ஃபாரம் எழுதுறது நான்தான். "இல்ல டாக்டர்"னு சொல்லி நானே டிக் அடிச்சேன்.

வேற என்னக்கா செய்யிறது? நீங்களா இருந்தா ஊருக்கு முன்னாடி காட்டிக் குடுத்திருப்பீங்களா?

பொடி எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா. கடைசிப் பையன் பொறந்தப்ப மதினிக்குப் பல்லு வலி. கிராம்பு வச்சுப் பாத்தாச்சு, உப்புத் தண்ணி கொப்புளிச்சாச்சு, ஒண்ணும் கேக்கல. கடவாயைப் பிடிச்சுக்கிட்டு அழும். பக்கத்து வீட்டு அம்மா, ஒரு சிட்டிகை பொடி வையி, மரத்துப் போகும்னு சொன்னாங்க. வச்சுச்சு. மரத்துப் போச்சு. பல்லைப் பிடுங்குன பிறகும் பொடி விடல.

எங்க வாங்கும்னா... ஊருக் கடையில ஒரு பொம்பளை பொடி கேட்டா அன்னைக்கே அண்ணன் காதுக்குப் போயிரும். அதனால திண்டுக்கல்லுல இருந்து வர்றவங்க வாங்கிட்டு வருவாங்க. மாசத்துக்கு நாலு மட்டை, வாழைமட்டையில கட்டித் தர்ற பொடி.

நான்தான்க்கா. நான்தான் வாங்கிட்டுப் போவேன். இனிப்புப் பொட்டலத்துக்கு அடியில வச்சுக் குடுப்பேன், போக முடியாத மாசம் ஊருக்குப் போற பஸ்காரர்கிட்டக் குடுத்து விடுவேன். வேற யாரு செய்வா அதுக்கு? அம்மா செத்ததுக்கப்புறம் என்னைத் தன் பிள்ளை மாதிரி வளத்தது மதினி. எனக்குத் தலைப்பிரசவம் பாத்தது. நான் குடுக்கலேன்னா வேற யார்கிட்டயாச்சும் கேக்கும், விஷயம் வெளிய வந்திரும். அதுக்கு நானே குடுக்கிறது தேவலைல்ல? அப்படித்தான் நெனச்சேன்.

சரி, கேம்பு முடிஞ்சு கண்ணாடிச் சிலைடெல்லாம் லேப்புக்கு வந்துச்சு. சிலைடுல பேரு எழுதக் கூடாது, நம்பர்தான். யாரோடதுன்னு தெரியாமத்தான் எண்ணணும், அதுதான் முறை. ஆனா நம்பர் ஒட்டுனது யாரு? நான். மதினியோடது எண்பத்தேழு. தெரியாத மாதிரி இருக்கலாம்னுதான் பாத்தேன், வரிசையா எண்ணிக்கிட்டே வந்தேன். எண்பத்தாறு முடிஞ்சு எண்பத்தேழைத் தூக்கி வச்சேன்.

பதினாலுக்கா. ஆயிரத்துக்குப் பதினாலு.

தப்பா எண்ணிட்டேனோன்னு மறுபடியும் எண்ணுனேன். எண்ண எண்ண அதேதான். அந்தப் பக்கத்துப் பொகையிலைக்காரங்க அறுபது பேருல கூட பதினாலு வந்தவங்க ரெண்டே பேருதான். ஒரு செல்லுல ரெண்டு குட்டி. எழுந்து போயித் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தேன்.

பதினாலுன்னு எழுதுனா என்ன ஆகும்? பழக்கமே இல்லாத பொம்பளைக்குப் பதினாலான்னு கிரேஸ் மேடம் கேப்பாங்க. நம்பரைப் பிரிச்சுப் பாப்பாங்க. வீட்டுக்கு ஆளு விடுவாங்க, புருசனையும் கூப்பிட்டு வச்சு மறுபடியும் விசாரிப்பாங்க. அண்ணன் அன்னைக்கு மைக்குல பேசுன பேச்சுக்கு மதினிய என்ன பண்ணுவாரோ. ஃபாரத்துல டிக் அடிச்சது என் கையெழுத்து. என் வேலை போகும்னு நெனச்சேனான்னு கேட்டா, அதையும் நெனச்சேன்க்கா. ஆனா மதினியோட மானம்தான் பெருசாத் தெரிஞ்சுச்சு. அதை நீங்க நம்பணும்.

சும்மா ரெண்டுன்னு எழுதிரலாம்னு பாத்தா, முடியாது. நான் எண்ணுன சிலைடைத் திரும்ப டாக்டர் நிவேதா எண்ணும். அதுக்கும் பதினாலுதான் வரும். நான்தானே அதுக்கு எண்ணவே சொல்லிக் குடுத்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. வாயை நல்லாக் கொப்புளிச்சேன். ஒரு குச்சி எடுத்து என் கன்னத்தை வழிச்சு, புதுக் கண்ணாடியில தேச்சு, சாயம் ஏத்துனேன். எண்பத்தேழுன்னு ஒட்டுனேன். மதினியோடதை ஒடைச்சுக் கழிவு டப்பாவுல போட்டேன். அது ஒடைஞ்ச சத்தம் சின்னச் சத்தம்தான்.

என் சிலைடை ஒழுங்கா எண்ணுனேன்க்கா. ஆயிரமும் எண்ணுனேன். ஒரே ஒரு குட்டி. ஒண்ணுன்னே எழுதுனேன். டாக்டர் நிவேதாவுக்கும் ஒண்ணுதான் வந்துச்சு. நோட்டுல நான் எழுதுனதுல பொய்க் கணக்குன்னு ஒண்ணு கிடையாது, இன்னைக்கும் சொல்லுவேன்.

மதினிகிட்டத் தனியாச் சொல்லிப்புடணும், பொடிய நிறுத்த வச்சு, வேற ஊருல ஒரு டாக்டர்கிட்ட வாயைக் காட்டிரணும், இதுதான் என் நெனப்பு. சத்தியமா அதுதான் நெனச்சேன். அந்த வாரமே போகலாம்னு இருந்தேன். பரீட்சை டூட்டி போட்டுட்டாங்க. அப்புறம் என் மகளுக்கு அம்மை. அப்படி இப்படின்னு ரெண்டு மாசம் ஓடிப் போச்சு. கோயில் திருவிழாவுக்குத்தான் போனேன்.

அதுக்குள்ள கார்டு வந்திருந்துச்சு. கேம்புக்கு வந்த எல்லாருக்கும் காலேஜுல இருந்து கார்டு போட்டாங்க. எண்ணிக்கை கூட இருந்தவங்களை வரச் சொல்லி. மத்தவங்களுக்கு, உங்கள் வாயின் உயிரணுக்களில் பாதிப்பு ஏதும் காணப்படவில்லைன்னு. மதினி என்னைக் கண்டதும் அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயி ரவிக்கைக்குள்ள இருந்து அந்தக் கார்டை எடுக்குது. "கோதை, எனக்கு உள்ளூரப் பயந்தான் இத்தனை நாளும். நீதான் எண்ணுனியாமே, உங்கண்ணன் சொன்னாரு. எனக்கு ஒடம்பு தாங்கிருச்சு பாத்தியா"ன்னு சொல்லி என் கன்னத்தை வழிச்சுத் திருஷ்டி கழிச்சுச்சு. அப்படி ஒரு சந்தோஷம் அது மூஞ்சியில. எப்படிக்கா சொல்லுவேன்? வீடு நெறைய விருந்தாளி வேற. திருவிழா முடியட்டும்னு விட்டுட்டேன்.

அப்பவும் என் பையில நாலு மட்டை இருந்துச்சு. கேட்டுச்சு. குடுத்தேன்.

அதுக்கப்புறம் சொல்ல நெனச்ச ஒவ்வொரு தடவையும், இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு வந்து நிக்கும். தள்ளித் தள்ளிப் போட்டேன். தையில மதினிக்குக் கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு படர்ந்திருக்கு. காரம் பட்டா எரியுதாம். கோயமுத்தூர்ல இருக்கிற மகன் டாக்டர்கிட்டக் காட்டும்மான்னு போன்ல சொல்லியிருக்கான். அதுக்கு மதினி, உங்க அத்தை எண்ணிச் சொல்லிட்டாடா, எனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு. என்கிட்ட யாரும் சொல்லல. அதுக்கப்புறம் எட்டு மாசம் கழிச்சு நான் போறப்ப, மதினி சோத்தைக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கு. வாயைத் திறங்க மதினின்னேன். ரெண்டு விரலுக்கு மேல திறக்கல. டார்ச் அடிச்சுப் பாத்தேன். இருபது வருஷமா இதே வேலைல இருக்கிறவ நான். பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு.

பதினாலுன்னு எழுதியிருந்தா வந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாதுக்கா. மேடமே அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆனா வெள்ளையா இருந்தப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க. தாடை மிஞ்சியிருக்கும்.

இங்க சேத்தப்பவும் அதே கேள்வி. டாக்டர் கேக்குறாரு, என்ன பழக்கம்னு. அண்ணன் சட்டைப் பையில இருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டுறாரு. "பழக்கமே கிடையாது சார். என் தங்கச்சியே சோதிச்சுப் பாத்துக் குடுத்தது"ன்னு. கார்டு நாலு மடிப்பாக் கிழிஞ்சு போயி இருக்கு, அதுக்குப் பிளாஸ்டிக் பேப்பர் வேற ஒட்டியிருக்காரு. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் தரையைப் பாத்தேன். சில பேருக்குப் பழக்கம் இல்லாமலும் வரும்னு சொல்லிட்டு எழுதிக்கிட்டாரு.

முந்தாநாள் அண்ணனும் நானும் வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். திடீர்னு, "கோதை, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பொடி போட்டா இது வருமா?"ன்னாரு.

தெரியுமாம்க்கா. கல்யாணம் ஆன அஞ்சாறு வருஷத்துலயே தெரியுமாம். "ஒரே வீட்டுல இருக்கிறவனுக்கு வாடை தெரியாதா? அவ அம்புட்டுக் கஷ்டப்பட்டு மறைக்கிறா. கேட்டா கூசிப் போயிருவான்னு கேக்கல"ன்னாரு. அப்ப ஏன்ணே அன்னைக்குக் கேம்புல அப்படிச் சொன்னீங்கன்னேன். "மைக்குல அப்படிப் பேசிட்டு, ஊருக்கு முன்னாடி எம்பொண்டாட்டி பொடி போடுவான்னு எப்படிச் சொல்றது? நீதான் லேப்புல இருக்கியே. நீ பாத்துக்குவேன்னு விட்டேன். கார்டு நல்லபடியா வந்ததும், சரி, அவளை அது ஒண்ணும் பண்ணலபோலன்னு நிம்மதியா இருந்துட்டேன்"ன்னாரு.

நீ பாத்துக்குவேன்னு விட்டேன்னாரு. அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துது. அண்ணே, அந்த எண்பத்தேழு என் வாயோடதுன்னு அப்பவே சொல்லியிருக்கணும். வரும்ணே, பொடி போட்டாலும் வரும்னு மட்டும் சொன்னேன். அவரு மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டாரு.

மதினிகிட்டயாச்சும் சொல்லிரணும்னு முடிவு பண்ணுனேன். இன்னைக்குக் காலையில, குழாய்ல கஞ்சி விட்டு முடிச்சதும், அண்ணன் குளிக்கப் போன நேரம் பாத்துச் சொன்னேன். காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அந்தக் கார்டு உங்க வாயோடது இல்ல மதினி, என் வாயோடதுன்னேன். உங்களுக்குப் பதினாலு இருந்துச்சு, நான் ஒடைச்சுப் போட்டுட்டேன்னேன். என்னை அடிங்க மதினின்னேன். மதினி அசையல. கண்ணு மட்டும் என் மேலயே இருக்கு. அப்புறம் நோட்டை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டுச்சு.

என்ன எழுதப் போகுதோன்னு நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். இனி என் மூஞ்சியில முழிக்காதன்னு எழுதும்னு நெனச்சேன். எழுதுச்சு, திருப்பிக் காட்டுச்சு.

"பொடி விஷயம் அவருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான்க்கா கேட்டுச்சு. தாடை போயிருக்கு, மூக்குல குழாய் தொங்குது, அதைக் கேக்குது. கண்ணுல அப்படி ஒரு பயம். அன்னைக்குக் கேம்புல பாத்த அதே பயம்.

முந்தாநாள்தான் அண்ணன் வாயாலயே கேட்டவ நான். ஆமா மதினி, அவருக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும், நீங்க மறைச்சதெல்லாம் வீண்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"தெரியாது மதினி"ன்னேன்.

மதினி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டுச்சு. தோளெல்லாம் தளர்ந்துச்சு. ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து அது அப்படி மூச்சு விட்டு நான் பாக்கல. அப்புறம் என் கையைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சு, இன்னொரு வரி எழுதி, அந்தத் தாளைக் கிழிச்சு என் கையில வச்சு மூடுச்சு. "நீ இல்லேன்னா என் மானம் போயிருக்கும் கோதை, நீ நல்லா இருக்கணும்"னு எழுதியிருக்கு.

வாங்கிக்கிட்டேன்க்கா. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.